சிம்மாசனத்துத் தூசி

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகத் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்து காக்கா பிடிக்கிற ஆளை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். கட்டிக்கொண்டதும் அந்த ஆளைத்தான், தலையெழுத்து!

குழாய்க் கம்பெனியில் ஒரே ஒரு பிரமோஷன் இருந்தது. அதற்காகத்தான் மேனேஜரையும் மேனேஜரம்மாவையும் ஊர் சுற்றிக்காட்டக் கூட்டி வந்திருந்தான் அவள் புருஷன். அந்தம்மாவின் கைப்பை காலையிலிருந்து அவன் தோளில்தான் தொங்குகிறது. பொண்டாட்டி காய்கறிப் பையை நீட்டினால் மட்டும் ஐயாவுக்குத் தோள் வலி வந்துவிடும்.

பழைய பீரங்கியைத் தட்டிப் பார்த்து, "இதுவும் நம்ம குழாய் மாதிரிதான்யா" என்றார் மேனேஜர். புருஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அடுத்த கூடத்தில் சிம்மாசனம். 'உட்காராதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அது ஊராருக்குத்தானே! மேனேஜரம்மா கயிற்றைத் தாண்டிப் போய் ஜம்மென்று உட்கார்ந்து, "ஒரு போட்டோ எடுங்க தம்பி" என்றாள். சடக்! சிம்மாசனத்தின் ஒரு கால் முறிந்தது. அந்தம்மா அலறியடித்துக்கொண்டு கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து சேரவும் காவலாளி ஓடி வரவும் சரியாக இருந்தது.

"யாருங்க உக்காந்தது?"

மேனேஜர் கூரையைப் பார்த்தார். புருஷன் யோசிக்கவே இல்லை.

"என் வொய்ஃப்தாங்க. சொன்னா எங்க கேக்குறா?"

தானே உட்கார்ந்ததாக அவன் சொல்லியிருந்தால்கூட, போகிறான் பாவம் என்று விட்டிருப்பாள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காவலாளிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"தூசி இருக்கா, நல்லாப் பாருங்கண்ணா."

அவள் நீலப் புடவையில் பொட்டுத் தூசி இல்லை. காவலாளியின் பார்வை மெல்ல மேனேஜரம்மாவின் பின்பக்கம் போயிற்று. பட்டுப்புடவையில் சிம்மாசனத்துத் தூசி அத்தனையும் அப்பியிருந்தது.

"மேடம், கொஞ்சம் ஆபீசுக்கு வாங்க."

அவள் விறுவிறுவென்று வெளியே வந்தாள். எதிரே பழைய கோட்டை. அடுத்து அங்கேதான் போவதாக இருந்தார்கள். புருஷன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியேடி! ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ என்ன குறைஞ்சா போயிருப்ப?"

"சீ! நீயெல்லாம் ஒரு ஆம்பளை."

பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் பஸ்ஸோடு நாலடி ஓடி வந்தான். அப்புறம் நின்றான். தோளில் தொங்கிய கைப்பையைச் சரிசெய்துகொண்டு அருங்காட்சியகத்தைப் பார்த்துத் திரும்பி ஓடினான்.