ஒரே நேரத்தில் எத்தனை குழாய்

கிட்ட வாங்க என் கண்ணுகளா, இன்னும் நெருங்கி உட்காருங்க. கம்பத்தில் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் மெஷின் வந்த கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் கசக்கும். ஆனாலும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கணும்.

ஓடைப்பட்டிப் பஞ்சம்மாள் மூத்த மகள் யுவராணியைக் கம்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். அந்த வீட்டு போர்த் தண்ணீர் கடும் உப்பு. வாளியெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும், சோப்பு நுரைக்காது. பொங்கலுக்கு வந்த மகளுக்கு எண்ணெய் தேய்த்தபோது முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. அதனால்தான், உப்பெடுக்கும் சாப்ட்னர் மெஷின் வேண்டுமென்று சம்பந்தி வீட்டில் கேட்டதும் முகம் சுளிக்காமல் சம்மதித்தாள். மகள் தலையில் மிச்ச முடியாவது நிற்குமே! திராட்சை விற்ற கையோடு தேனியில் மெஷினை வாங்கி, ஃபிட்டர் கருத்தக்கண்ணனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினாள்.

அவன் சின்னதும் பெரிதுமாக இரண்டு வால்வுகளை எடுத்துத் தரையில் வைத்தான்.

"முக்கால் இஞ்சு போட்டா ரெண்டு குழாய்க்குத் தாங்கும். மூணாவதையும் தொறந்தா எல்லாத்துலயும் நூல் மாதிரிதான் வரும். அதுக்கு ஒரு இஞ்சு வேணும். காலையில ஒரே நேரத்துல எத்தன குழாய் தொறப்பீக?"

"வீட்ல நாலு பேரு தம்பி. பெருசையே மாட்டுங்க," என்றாள் பஞ்சம்மாள்.

"எதுக்கு மதினி?" என்று குறுக்கே வந்தாள் சம்பந்தி சோணையம்மாள். "அவுகளுக்கு ஒரு பாத்ரூமு, மகனுக்கு ஒண்ணு. அவுக குளிச்சபெறகு நானு. ரெண்டே குழாய்தான்."

"யுவராணி?"

"அவளுக்குத்தான் பின்னாடி மாட்டுத்தொட்டிக் குழாய் இருக்கே! வந்த நாள்லருந்து அங்கனதான குளிக்கிறா. திராட்சப் பந்தலுக்கடியில வளந்தவளுக்கு உப்பெடுத்த மெதுத்தண்ணி எதுக்கு? தோலு வழுக்கிரப் போகுது!"

மாமனார் சுந்தரலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். மாப்பிள்ளை விஜயகுமார் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

அடுப்படி வாசலில் தலையில் துண்டோடு யுவராணி நின்றாள். அம்மாவையே பார்த்தாள். 'கெளம்பு தாயி' என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் அந்தப் பார்வை. பெற்றவளுக்கா புரியாது? வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் இளையவள் அபிதாவைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை வருகிறார்கள். சோணையம்மாள் பேசிவைத்த இடம். மூத்தவள் பெட்டியோடு வந்து நின்றால் அந்த இடம் என்ன ஆகும்?

"சின்னதே போடுங்க தம்பி," என்றாள் பஞ்சம்மாள்.

யுவராணி துண்டை இறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மெஷின் ஓடியது. சோணையம்மாள் கையில் சோப்பைக் குழைத்து நுரையை ஊதி ஊதி விளையாடினாள். கருத்தக்கண்ணன் ஒரு ஹோஸைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மெஷின் அப்பப்ப தன்னைக் கழுவி உப்புத்தண்ணியா வெளிய தள்ளும். எங்கன விடட்டும்?"

"பின்னாடி, தொட்டியடியிலயே விட்டுரு," என்றாள் சோணையம்மாள்.

"அங்கன ஒருத்தவுக குளிக்கிறாகளே..." அவன் பஞ்சம்மாளைப் பார்த்தான்.

பஞ்சம்மாள் காப்பி டம்ளருக்குள் குனிந்துகொண்டாள். "நல்லா நுரைக்குது மதினி," என்றாள்.

என் கண்ணுகளா, உங்க வீட்டுக்கு வாழ வந்தவள் தலை நிறையப் பூவோடு, மனசு குளிர்ந்து இருக்கட்டும். பிள்ளைக்காகப் பேசவேண்டிய நேரத்தில் உங்க வாய் அடைக்காதிருக்கட்டும். பாலும் சோறும் பொங்கி உங்க வீடு தழைக்கட்டும்.