குருத்து இலை

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நர்ஸ் ஜைனப் உப்புநீர் விட்டு விட்டு, என் மகன் தங்கராஜுவின் தோலிலிருந்து அதை மெல்லப் பிரித்தாள். கஞ்சி போட்ட அந்த முழுக்கைச் சட்டையைப் போட்டுவிட்டவன் நான்தான். வார்டிலிருந்து டயாலிசிஸ் அறைக்குப் போகும் வழியில் தெரிந்தவர் யாரும் கொப்புளங்களைப் பார்த்துவிடக் கூடாது.

"இனிமே சட்டை வேணாங்கய்யா. பிளாஸ்டர் ஒட்டினாக்கூடத் தோல் அதோட வந்துடுது." ஊசி செருகிய கையை மெல்லிய துணியால் தளர்வாகச் சுற்றினாள். "விரிப்பும் ஆகலை. வாழைக் குருத்து இலை கொண்டாங்க. வெந்நீர்ல அலசி விரிச்சிடறேன்."

சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. போதாதென்று உடம்பே தன் தோலைப் பகைத்துக்கொண்டது. தொற்றாது என்று டாக்டர் சொன்னார். ஆனால் சிங்கப்பூரில், எங்கள் சிராங்கூன் சாலையில் கொப்புளத்துக்குக் குஷ்டம் என்றுதான் பெயர் வைப்பார்கள். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டைப் பற்றி ஒரு சொல் எழுந்ததில்லை. பையன் ஈப்போவில் வேலையாக இருப்பதாக உறவினர்களிடம் சொல்லியிருந்தேன். இரண்டு மாதமாக அவனைப் பார்க்க யாரும் வரவில்லை.

இலை விற்கும் பூவம்மாவிடம், ஒவ்வொரு முறையும் வீட்டில் விருந்து என்றேன்.

"வாரத்துக்கு ரெண்டு விருந்தா! எங்களை எல்லாம் கூப்பிட மாட்டீங்க லா?" என்று அவள் சிரித்ததைத் தங்கராஜுவிடம் வேடிக்கையாகச் சொன்னேன். பச்சை இலையின் மேல் கிடந்தவன் சிரிக்கவில்லை. வாயிலும் புண்.

"கூப்பிடுங்கப்பா. யாராச்சும் ஒருத்தர் வரட்டும்."

நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பூவம்மா வழக்கம்போல ஐந்து இலைகளைச் சுருட்டினாள். "இன்னிக்கு யாருங்கய்யா விருந்தாளி?"

கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் எங்கள் தெருக்காரர்.

"விருந்து இல்ல. பையன் ஆஸ்பத்திரியில இருக்கான். உடம்பெல்லாம் கொப்புளம். துணி ஆகாது. அவன் படுக்கத்தான் இலை."

தெருக்காரர் எடுத்த வெற்றிலையைக் கீழே வைத்தார். பூவம்மா சுருட்டிய இலைகளை மறுபடி பிரித்தாள். ஓரம் கிழிந்த இரண்டை ஒதுக்கினாள். கூடையின் அடியிலிருந்து வேறு இரண்டை உருவி, ஒவ்வொன்றாகத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு, செருப்பைத் தேடிக் காலால் துழாவினாள்.

"எந்த வார்டுங்கய்யா?"