பன்னிரண்டாவது நிமிடம்

மாலதி கயிறு இழுத்தால் மெஷின் பன்னிரண்டு நிமிடம் ஓடும். பிறகு இருமிக்கொண்டே நின்றுவிடும். அதையே வேல்ராஜ் வந்து இழுத்தால் பெட்ரோல் தீருகிறவரை ஓடும். உச்சிப்புளி சாலையோரம் சண்முகவள்ளி நடத்தும் வாட்டர் சர்வீஸில் மூன்று வாரமாக இதுதான் பேச்சு.

தனுஷ்கோடிக்குப் போய் மணலும் உப்புமாகத் திரும்புகிற சுற்றுலா வேன்களைக் கழுவுவதுதான் அங்கே தொழில். கரண்டை நம்பினால் வேலை ஆகாதென்று சண்முகவள்ளி தண்ணீர் பீய்ச்சுகிற மெஷினை பெட்ரோலில் ஓடுகிறதாகப் பார்த்து வாங்கிப் போட்டிருந்தாள். வேல்ராஜ் அன்றிலிருந்து இருப்பவன். மாலதி பரமக்குடிப் பக்கத்துக்காரி. மிளகாய்க் கொல்லைக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினோடு வளர்ந்தவள். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவள், மெஷின் வேலை என்றதும் மூன்று வாரத்துக்கு முன் ஆசையாக ஓடிவந்து சேர்ந்தாள்.

அவள் மெஷினைக் கவனித்த கவனிப்பைக் குறை சொல்ல நாக்கு கூசும். காலையில் வந்ததும் ஆயில் குச்சியை உருவி அளவு பார்ப்பாள். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைப்பாள். பிளக்கில் படிந்த கரியை உப்புத்தாளால் தேய்ப்பாள். போர் தண்ணீர் லேசாகக் கரிக்கும் என்பதால், சாயங்காலம் ஒரு வாளி நல்ல தண்ணீரை உள்ளே ஓடவிட்டுத்தான் நிறுத்துவாள். பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கித் திருகிவிட்டு, பழந்துணியால் உச்சியிலிருந்து சக்கரம்வரை துடைப்பாள். பொட்டை மட்டும் தொடமாட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் சண்முகவள்ளி சாமி கும்பிட்டுவிட்டு வைக்கிற சந்தனமும் குங்குமமும் அது. அதைத் துடைத்தெறிய யாருக்கு மனம் வரும்?

வேல்ராஜுக்கு ஆயில் குச்சி எங்கே இருக்கிறதென்று தெரியுமோ என்னமோ. ஆனால் பெயர் வாங்கியவன் அவன்தான். டீ கிளாஸோடு ஆடி அசைந்து வருவான், டேங்கைத் திறந்து எட்டிப் பார்ப்பான், மூடுவான், இழுப்பான். ஒரே இழுப்பு. “கைராசின்னா இதுதான்!” என்று வேன் டிரைவர்கள் கை தட்டுவார்கள். மாலதிக்கு உடம்பெல்லாம் எரியும்.

வியாழக்கிழமை சண்முகவள்ளி அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“நீ நல்ல பிள்ளைதான் தாயி. ஆனா உன் கைக்கு மெஷின் கட்டுப்படல. அதுக்கு நான் என்ன செய்ய? ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அன்னைக்கும் நின்னுச்சுன்னா வேற சோலி பாத்துக்க.”

வேறு சோலி என்றால் ராமேஸ்வரத்தில் லாட்ஜுக்குப் பாத்திரம் தேய்க்கப் போகவேண்டியதுதான். அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் மாலதி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. அதென்ன கணக்காகப் பன்னிரண்டு நிமிடம்? ஐந்தில் நிற்கவில்லை, முப்பதில் நிற்கவில்லை. ராசி கெட்ட கைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா?

மறுநாளிலிருந்து அவள் வேல்ராஜை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் இடது காலை முன்னால் வைத்து நின்றான், அவளும் வைத்தாள். அவன் உள்ளங்கையில் எச்சில் தொட்டுத் தேய்த்தான். கருமம், அவளும் தேய்த்தாள். மெஷின் பன்னிரண்டாவது நிமிடம் நின்றது. சனிக்கிழமை சாயங்காலம், அவன் இயக்கி வைத்துவிட்டுப் போன மெஷினைச் சுற்றிச்சுற்றி வந்தபோதுதான் அதைக் கண்டாள். டேங்க் மூடி லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. மகராசன் அதைப் பாதி திருகோடு விட்டுவிட்டுப் போயிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு வேன்கள் வரிசையில் நின்றன. சண்முகவள்ளி நாற்காலியைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாலதி வழக்கம்போல எல்லாம் பார்த்து, மூடியை இறுக்கி, கயிற்றை இழுத்தாள். முதல் வேனின் கூரை முடிந்து கதவுக்கு வந்தபோது மெஷின் இருமியது, நின்றது. சண்முகவள்ளி பெருமூச்சு விட்டாள். வேல்ராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

“அண்ணே, இருங்க. தொடாதீக” என்றாள் மாலதி. மூடியை அரைத் திருகு தளர்த்தினாள். ‘ஸ்ஸ்’ என்று மூடிக்குள் காற்று இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. கயிற்றை இழுத்தாள். ஒரே இழுப்பில் ஓடியது.

எல்லோரும் வாயைப் பிளந்தபோது அவள் மெஷினை நிறுத்தினாள். மூடியைக் கழற்றித் தலைகீழாக வெயிலில் பிடித்தாள். உட்புறம் நடுவில் பொடிசாக ஒரு துளை இருந்தது. புரட்டினால் மேல்புறம் துளையே இல்லை. அந்த இடத்தில் சாமிப் பொட்டு, ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து கெட்டித்துப் போன சந்தனம். அவளும் தினமும் அதைச் சுற்றித் துடைத்தாளே தவிர, அதன்மேல் கை வைத்ததில்லை. மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டு, தாலியில் கிடந்த ஊக்கை எடுத்துக் குத்தினாள். சந்தனம் உதிர்ந்தது. துளைக்குள் வெளிச்சம் தெரிந்தது.

“காத்து உள்ள போனாத்தான்க்கா பெட்ரோல் கீழ இறங்கும். இந்த ஓட்டை அடைச்சுப் போச்சு. நான் மூடிய இறுக்குனேன், நின்னுச்சு. அண்ணன் இறுக்காம விட்டாரு, ஓடுச்சு.”

“அப்ப என் ராசி?” என்றான் வேல்ராஜ். பாவம், அவனும் மூன்று வாரமாக அதை நம்பிக்கொண்டுதான் இருந்தான்.

“மூடிய ஒழுங்கா மூடாததுதாண்ணே.”

டிரைவர்கள் சிரித்த சிரிப்பில் அவன் டீயைத் தேடிப் போய்விட்டான். சண்முகவள்ளி சிரிக்கவில்லை. சந்தனத்தால் மெஷின் நிற்குமா என்று அவளுக்கு ஒப்பவில்லை. எழுந்து வந்தாள்.

“நீ இழு. மூடிய இறுக்கு. நான் பாக்குறேன்.”

மெஷின் ஓடியது. சண்முகவள்ளி தன் கட்டைவிரலைத் துளையின் மேல் வைத்து அழுத்தினாள். மெஷின் அதிர்ந்த அதிர்வில் அவள் வளையல்கள் எல்லாம் குலுங்கின. நான்கு டிரைவர்களும் செல்போனில் மணி பார்த்தார்கள். எட்டு நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று, விரல் மரத்துப் போனது. அப்போதும் அவள் எடுப்பதாக இல்லை. பன்னிரண்டாவது நிமிடம் மெஷின் இருமியது, நின்றது.

சண்முகவள்ளி விரலை எடுத்தாள். ‘ஸ்ஸ்’ என்றது. அந்த விரலை அவள் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைதோறும் சந்தனம் தொட்டு வைப்பதும் அதே வலது கைதான்.

“ஊரெல்லாம் உன் கையவே குத்தம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே தாயி” என்றாள்.

மாலதிக்கு மூன்று வாரத்து வலியும் இந்த ஒரு பேச்சில் கரைந்துவிட்டதென்று சொன்னால் அது பொய். பாதி கரைந்தது. மீதிக்கு அவள் கயிற்றைப் பிடித்து ஓங்கி இழுத்தாள்.

அப்போதுதான் வந்து வரிசையில் சேர்ந்த ஐந்தாவது வேன் டிரைவர் பழக்கதோஷத்தில், “வேல்ராஜ் எங்கம்மா? என் வண்டிக்கு அவனை ஆரம்பிச்சு வைக்கச் சொல்லுங்க” என்றார்.

“ஏன், அவன் எதுக்கு?” என்று சண்முகவள்ளி மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினாள். “மெஷின்காரி இங்கன நிக்கிறாள்ல? அவகிட்டக் கேளும்!”