அரை இஞ்ச் கூடுதல்

கிடங்கில் அவனைப் பெரியகை என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவன் அதைக் கேட்டு, ஆள் செல்வாக்கானவர் போலிருக்கிறது என்று ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் பிறகு அசடு வழிவான். விஷயம் வெறும் உள்ளங்கை அளவுதான். கடையில் இருப்பதிலேயே பெரிய கையுறை கூட அவன் கட்டைவிரல் அடியோடு நின்றுவிடும். நிஜமான பெரிய கை அங்கே வேறொருவன். சூப்பர்வைசர். பெரியகையின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி.

அது தரைவிரிப்புக் கிடங்கு. லாரியில் வந்திறங்கும் சுருள்களைப் பிரிப்பது பெரியகையின் வேலை. மேலே தடித்த சாக்கு, அதைச் சுற்றி நைலான் பட்டை, உள்ளே பிளாஸ்டிக் உறை. சாக்கைக் கிழிக்கிற வேகத்தில் உள்ளே விரிப்பைக் கீறிவிட்டால் சுருள் மொத்தமும் கழிவுக்குப் போகும். கம்பெனி கொடுத்த கட்டரோ இரண்டாவது சுருளிலேயே ஒடிந்துவிடும். அதனால் ஆளாளுக்குச் சொந்தமாக ஒரு மடக்குக்கத்தியைக் கால்சட்டைப் பையில் வைத்திருந்தார்கள். மூன்று இஞ்சுக்கு மேல் பிளேடு உள்ள கத்தி உள்ளே கூடாது என்று வாசலில் போர்டு இருந்தது. போர்டு இருந்ததே தவிர, அளந்து பார்த்தவர் யாருமில்லை.

பெரியகையின் பழைய கத்தி ஒருநாள் பூட்டு தளர்ந்து, வேலையின் நடுவில் விரல்மேலேயே மடங்கிக்கொண்டது. கட்டு அவிழ்த்த வாரம் புதுக் கத்தி வாங்கக் கிளம்பினான். அக்கா வீட்டுக்கு வந்திருந்த மைத்துனனும், "நானும் வர்றேன் மாமா" என்று கூடவே வந்தான்.

கடைக்காரர் மூன்று கத்திகளை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார். இரண்டரை இஞ்ச், மூன்று, மூன்றரை.

"தினமும் பாக்கெட்ல வெச்சுக்கறதுன்னா ரெண்டரையே தாராளம். பார்சல் பிரிக்கலாம், பழம் நறுக்கலாம். வெளிய எடுத்தா பக்கத்துல இருக்கறவங்க மிரள மாட்டாங்க."

"பழம் நறுக்க என்னை எவன் கூப்பிடறான்?" என்றான் பெரியகை.

இரண்டரையைக் கையில் எடுத்தான். பிளேடு சின்னதானால் அது மடங்கிப் போய் உட்காரும் பிடியும் சின்னது. மூன்று விரல்தான் பிடியில் நின்றது, சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கியது. மூன்றில் நாலு விரலும் நின்றன, ஆனால் இறுக்கமில்லை. மூன்றரையைத் திறந்து பிடித்ததும் கை தானாக அதைச் சுற்றி மூடிக்கொண்டது. சாக்கு மடிப்புக்குள் படுக்க வைத்து ஒரே இழுப்பில் போய்விடலாம். குத்திக் குத்திப் போக வேண்டியதில்லை. மனசில்லாமல் அதைக் கீழே வைத்துவிட்டு மூன்றை எடுத்தான்.

"ஏன் மாமா? அந்தப் பெருசுதானே உங்க கைக்குச் சரியா இருக்கு?"

"கேட்ல போர்டு இருக்கே மாப்ளே."

"போர்டு கிடக்குது. எவன் ஸ்கேல் வெச்சு அளக்கப் போறான்? அளக்க வேண்டியவனே நான்தான்!"

கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். மைத்துனனே காசைக் கொடுத்தான். அக்கா புருஷனுக்குத் தான் ஒன்றுமே வாங்கிக் கொடுத்ததில்லை, இது இருக்கட்டும் என்றான். பெரியகைக்குச் சந்தோஷம்தான். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "உன் தம்பி வாங்கித் தந்தான்" என்று காட்டினான். சாப்பிட உட்கார்ந்த தம்பியை அவள் ஒருமுறை பார்த்துவிட்டு அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

சில மாதங்களில் கிடங்கில் வேலை நெருக்கியது. சுருள்களை அந்தக் கோடிக்குக் கொண்டுபோகும் பெல்ட் ஓரமாக நீளத்துக்கும் ஒரு சிவப்புக் கயிறு ஓடும். ஆபத்தென்றால் அதை இழுக்க வேண்டும், பெல்ட் நின்றுவிடும். ஆட்களின் முதுகு தெரியாத்தனமாகப் பட்டாலும் நின்றுவிடும். பெல்ட் அடிக்கடி நிற்கிறதென்று மேலிடத்தில் திட்டு வாங்கிய மைத்துனன், அந்தக் கயிற்றைத் தூக்கி மேலே குழாயோடு கட்டச் சொல்லிவிட்டான். கட்டியவன் ஏணி போட்டுக் கட்டினான்.

ஒரு நாள் காலை, டீ குடித்துவிட்டு எல்லோரும் திரும்பிய நேரம். பெல்ட்டில் போகிற சுருளின் சீட்டைப் படிக்க மைத்துனன் குனிந்தான். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடா உருளைக்குள் போயிற்று. தலைமை அலுவலகத்தில் கொடுத்த அகலமான, கெட்டியான நாடா. அதோடு பெல்ட் அருகே கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவனும் அவன்தான். உருளை அவனை முகம் குப்புற இழுத்தது. "கயிறு! கயிறு!" என்று நாலு பேர் கத்தினார்கள். கயிறு யார் கைக்கும் எட்டாத உயரத்தில் இருந்தது. யாரோ மெயின் சுவிட்சை நோக்கி ஓடினார்கள்.

பெரியகை சுருளைத் தாண்டிக் குதித்தான். நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவில் அவன் விரல் நுழையவில்லை. மைத்துனன் முகம் கறுத்து, நாக்கு வெளியே வந்திருந்தது. பெரியகை கத்தியைத் திறந்து காதுக்குக் கீழே தட்டையாகச் செருகினான். கூர் வெளிப்பக்கம் இருக்கும்படி திருப்பி ஒரே இழுப்பாக இழுத்தான். நாடா அறுந்தது. மைத்துனன் தரையில் விழுந்தான். திருப்பும்போது நுனி பட்டு, காதடியிலிருந்து கழுத்துவரை கீறியிருந்தது. ரத்தம் கொட்டியது. ஆம்புலன்ஸ் வரும்வரை பெரியகை அந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மாமா, விட்டுடாதீங்க மாமா." மைத்துனன் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"எங்கேயும் போகலடா. பேசாம இரு."

தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஆனால் மேலிடம் சும்மா இருக்கவில்லை. விசாரணைக்கு ஒரு அதிகாரி அம்மாள் வந்தார். கயிறு கட்டப்பட்டிருந்ததை அவர் கேட்கவே இல்லை. அவர் வருவதற்குள் அது கீழே இறங்கிப் பழைய இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மேஜைமேல் கத்தியைத் திறந்து, ஸ்டீல் ஸ்கேலை அதன் பக்கத்தில் வைத்தார்.

"மூணரை இருக்கு. கழுத்துல இருக்கிற காயம் இந்தக் கத்தியால வந்ததுதானே?"

"ஆமாங்கம்மா. நாடாவ அறுக்கறப்ப..."

"மூணு இஞ்ச்தான் அனுமதின்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் யாரைக் கேட்டு இதை உள்ள கொண்டு வந்தீங்க?"

பெரியகை பக்கத்து நாற்காலியைப் பார்த்தான். கழுத்தில் கட்டோடு மைத்துனன் உட்கார்ந்திருந்தான். அவனே சொல்வான் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தான். மைத்துனன் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமியார் அவன் வீட்டில்தான் இருந்தாள். அவனுடைய இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

"யாரையும் கேக்கல. நானே வாங்கினேன்" என்றான் பெரியகை.

அதிகாரி அம்மாள் மைத்துனன் பக்கம் திரும்பினார். "நீங்க கவனிச்சதே இல்லையா?"

"இல்ல மேடம். சொந்தக்காரராச்சேன்னு நம்பிட்டேன்" என்றான் அவன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதாதா என்றிருந்தது பெரியகைக்கு. அந்த வாரமே அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அன்றைக்கே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை. "சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். பயந்துட்டா பொய்தான் முதல்ல வரும் அவனுக்கு" என்றாள். அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பேசவில்லை. பெரியகைக்கு ஒரு மெத்தைக் கடையில் சுமை இறக்கும் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு, முதலாளி வயதில் சிறியவன், வாடா போடா என்றுதான் பேசுவான். மெத்தையைத் தூக்கிப் படியேறும்போதெல்லாம் ஒரே யோசனைதான். மூன்று இஞ்சை வாங்கியிருந்தால் நுனி கழுத்தில் பட்டிருக்காதோ? இல்லை, நாடாவுக்கு அந்தப் பக்கம் எட்டாமலே போயிருக்குமோ? கையை மடக்கி மடக்கிப் பார்ப்பான். விடை கிடைக்காது. கிடைத்தாலும் யாரிடம் போய்ச் சொல்வது?

மைத்துனன் மகளின் பிறந்தநாள் வந்தது. போகாமல் இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று மனைவி கிளம்பினாள். அவனும் கிளம்பினான். வீடு நிறையக் கூட்டம். மாமியார் அவனைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் பரிமாறினாள். மைத்துனன் தூரத்திலிருந்தே, "வாங்க மாமா" என்று தலையாட்டிவிட்டு விருந்தாளிகள் பக்கம் போய்விட்டான்.

அங்கே யாரோ கழுத்துத் தழும்பைக் கேட்டார்கள்.

"மெஷின்ல மாட்டிக்கிட்டேன்" என்றான் அவன், சத்தமாகவே. "நல்ல வேளை, பதறாம நானே பிச்சுக்கிட்டு வெளிய வந்துட்டேன். இன்னொருத்தனா இருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"தைரியசாலிப்பா நீ!" என்று ஒரு பெரியவர் அவன் தோளில் தட்டினார்.

பெரியகை வாயிலிருந்த கவளத்தை மென்று விழுங்கினான். எதிரே மனைவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தட்டில் மீதமிருந்ததையும் தின்றுவிட்டு எழுந்து கை கழுவினான்.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது அவள் கேட்டாள்.

"ஏன் வாயத் திறக்கல நீங்க?"

"உங்கம்மா பக்கத்துல நின்னாங்க. பெத்த மனசு, தாங்காது."

"அம்மாவுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம். கத்தி வாங்கிக் கொடுத்தது யாரு, கயித்தக் கட்டச் சொன்னது யாருன்னு எல்லாம். மறுநாளே போய்ச் சொன்னேன். 'மாப்பிள்ளைக்கு வேற வேலை கிடைச்சுடும், பையனுக்குப் போனா வராது, வெளிய சொல்லாதே'ன்னாங்க. நானும் சரின்னு வந்துட்டேன்."

அவன் நின்றுவிட்டான். இத்தனை நாளும் ஒரு குடும்பம் உடையாமல் தான் ஒருவன்தான் தாங்கிப் பிடித்திருப்பதாக நினைத்திருந்தான். எல்லோருமாகக் கூடிப் பேசி அவனைக் கழித்துக் கட்டியிருக்கிறார்கள். இவளும்.

"கோவமா?" என்றாள் அவள்.

அவன் நிறுத்தத்தை நோக்கி நடந்தான். பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டாள். பஸ் பாதிக்குமேல் காலியாகத்தான் இருந்தது. வீடு வரைக்கும் அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தான்.