எதிர்மனுதாரர் எழிலரசி

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை ஓரமாக மேஜை போட்டு நான் மனு எழுதுகிறேன். பத்தொன்பது வருடமாகிறது. இந்தத் தொழிலுக்கு எழுதாத விதி ஒன்று உண்டு. எதிரே உட்கார்ந்து ஒருவர் சொன்னது மேஜையைத் தாண்டக்கூடாது. அதை நான் ஒரே ஒருமுறை மீறினேன், எழுபத்திரண்டு பக்கத்துக்கு.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அடி அண்ணாமலை கிராமத்து ஆதிமூலத்துக்கும் அவர் தம்பி மணிக்கும் கிணறு பொது, மோட்டாரும் பொது. ஒற்றைப்படைத் தேதியில் அண்ணனுக்குத் தண்ணீர், இரட்டைப்படையில் தம்பிக்கு. பாகம் பிரித்தவர்கள் முப்பத்தொன்று வரும் மாதங்களை யோசிக்கவில்லை. முப்பத்தொன்றும் ஒற்றை, மறுநாள் ஒன்றும் ஒற்றை. வருடத்தில் ஏழு முறை அண்ணனுக்கு அடுத்தடுத்து இரண்டு நாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மே முப்பத்தொன்றில் மணி மோட்டாரைப் போட்டுவிட்டார். அவர்மேல் மனுக் கொடுக்க ஆதிமூலம் என்னிடம் வந்தார்.

சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் இன்னொன்றையும் சொல்லிவிட்டார். அந்தக் கோபத்தில், தம்பியின் முறை வரும்போதெல்லாம் விடியலில் போய் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு ஒயரைத் தளர்த்திவிட்டு வருவாராம். மறுநாள் தன் முறைக்கு முடுக்கிக்கொள்வாராம். மணி மூன்று பேஸ் கரண்டில் ஒன்று வரவில்லையென்று கரண்ட் ஆபீசுக்கு நடந்திருக்கிறார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காய் பிடிக்கிற நேரம். பாதி கருகிவிட்டது.

அத்தோடு ஆதிமூலத்தின் பேச்சு நின்றது. "வாணாம்மா. கிழிச்சிடு" என்றார். கிழித்துவிட்டேன்.

காகிதம் போனது, விஷயம் போகவில்லை. நாலு வருடம் கழித்து அதைச் சிறுகதையாக எழுத உட்கார்ந்தேன். ஒயரைத் தளர்த்துவதோடு நிறுத்தினால் பன்னிரண்டு பக்கம். ஆனால் தளர்த்திவிட்டு வந்தவன் அன்றைக்கு வீட்டில் எப்படிச் சாப்பிட்டான் என்று ஒரு கேள்வி வந்துவிட்டது. நாவலென்றால் அவர்களுடைய தாத்தாவரை போயாக வேண்டும், அதற்கு என்னிடம் சரக்கில்லை. இரண்டு பேர், ஒரு கிணறு, ஒரு கோடை. எழுபத்திரண்டாம் பக்கத்தில் அதுவாகவே நின்றது. "சிறுகதைக்கு ஜாஸ்தி, நாவலுக்குக் கம்மி. குறுநாவல்னு போட்டுடலாங்க" என்று பத்திரிகை ஆசிரியர் போனில் சொன்னார். பிறகு 'முப்பத்தொன்றாம் தேதி' என்று சின்னப் புத்தகமாகவும் வந்தது. முந்நூறு பிரதி. அடி அண்ணாமலைக்கு ஒன்றும் போகாது என்று தைரியமாக இருந்தேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை கவிநிலா வந்தாள். சென்னையில் சினிமாவுக்குத் திரைக்கதை எழுதுகிற பெண். அதைப் படமாக எடுக்க வேண்டுமாம்.

"நாவல்னா வெட்டி வெட்டியே உயிர் போயிடும் மேடம். சிறுகதைனா இல்லாத தங்கச்சி, இல்லாத வில்லன்லாம் சேக்கணும். இது அப்படியே எடுக்கலாம். பக்கத்துக்கு ஒன்றரை நிமிஷம்."

மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். நூற்றெட்டு நிமிடம். சந்தோஷமாகத்தான் இருந்தது.

"லொகேஷன்கூட பாத்துட்டேன். நீங்கதான் சர்வே நம்பரே போட்டிருக்கீங்களே."

ஆட்களின் பெயரை மாற்றிய நான் சர்வே எண்ணை மாற்றவில்லை. சர்வே எண் இல்லாத மனு திரும்பி வந்துவிடும். கை அதற்குப் பழகிப்போய்த் தானாகவே எழுதியிருக்கிறது.

"அங்க ஆதிமூலம்னு ஒரு ஐயா இருந்தாரு. எளநியெல்லாம் வெட்டிக் குடுத்தாரு. ஒரு புக்கு குடுத்துட்டு வந்தேன்" என்றாள் கவிநிலா.

ஆதிமூலம் வாயைத் திறந்தால் போதும், இந்த மேஜைக்கு எதிரே அப்புறம் யாரும் உட்காரமாட்டார்கள். நான் அவர்களாக இருந்தாலும் உட்காரமாட்டேன். ஐந்து நாள் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், ஆதிமூலம் என் மேஜை வரிசையில் நின்று வந்து எதிரே உட்கார்ந்தார். மஞ்சப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து வைத்தார்.

"ஒரு மனு எழுதணும்."

"யார் மேலங்க?"

"உம்மேலதான்."

"என்மேல நானே எப்படிங்க எழுதறது? அதோ அந்த மேஜையில அப்பாதுரையும் மனு எழுதறாரு, அவருகிட்ட..."

"அவன் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். நீ எழுது."

மார்ஜின் மடித்தேன். அனுப்புநர் எழுதினேன். பெறுநருக்கு இடம் விட்டேன். எதிர்மனுதாரர்: எழிலரசி, க/பெ கோபி.

"குறையைச் சொல்லுங்க."

"நம்பிச் சொன்னத ஊருக்கே கதையா எழுதிட்ட."

'மனுதாரர் நம்பிக்கையின்பேரில் கூறியதை எதிர்மனுதாரர் அவரது அனுமதியின்றி வெளியிட்டுள்ளார்' என்று எழுதிப் படித்துக் காட்டினேன். மறுக்க அதில் ஒரு சொல் இல்லை. "தப்பு என்மேலதாங்க" என்றேன்.

"அத நீ சொல்லக் கூடாது. மனுவுல நான்தான் சொல்லணும்."

அவருக்குப் பின்னால் நின்ற சரசு, பென்ஷன் மனுவுக்கு வந்தவள், சிரித்துவிட்டாள். "சீக்கிரம் திட்டி முடிங்க பெரியவரே. எனக்கு பஸ்ஸு போயிடும்."

"இரும்மா. ரெண்டாவது இருக்குது." கட்டைவிரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். "அம்பத்தெட்டாம் பக்கம். தம்பி முறைக்கு ஒயர கடசி வரைக்கும் முடுக்கி உடவேயில்லன்னு எழுதிக்கிற. அஞ்சு முறைதாம்மா அத பண்ணேன். ஆறாவது முறைக்கு, தளத்துனத நானே திரும்ப முடுக்கிட்டு, தண்ணி பாயறவரைக்கும் வேலிகிட்ட நின்னேன். அவன் இன்னாடான்னா லைன்மேன்தான் சரி பண்ணான்னு மிச்சமிருந்த மல்லாட்டைய அவிச்சி அந்தாளுக்குக் குடுத்தான்."

"இத அன்னிக்கி நீங்க சொல்லலீங்களே."

"நீ எங்க கேட்ட? தேதி கேட்ட, நம்பர் கேட்ட, நாலு எல்லை கேட்ட. அதுக்குள்ள எனக்கு வெக்கமாப் போச்சு, கிழிக்கச் சொல்லிட்டேன்."

அதையும் எழுதினேன். மனுவில் கடைசியாக வருவது கோரிக்கை. அது ஒரே வரியில், தெளிவாக இருக்க வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"படத்தை நிறுத்தணும்னு போடட்டுங்களா?"

அவர் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார்.

"நிறுத்தி இன்னா ஆவப்போவுது? எடுக்கட்டும். திரும்ப முடுக்குனதையும் சேத்து எடுக்கச் சொல்லு. பதினோரு வருஷம் கழிச்சி அவங்கிட்ட போயி நானா சொல்லிக்க முடியும்? சினிமா கொட்டாயில அவனே பாத்துக்கட்டும். அந்த நம்பரையும் எடுத்துடு. வரவன் போறவன்லாம் கெணத்த எட்டிப் பாத்தா மாடு மெரளுது."

போனை ஸ்பீக்கரில் போட்டுக் கவிநிலாவிடம் சொன்னேன்.

"மேடம், தண்ணி பாயறத வேலி ஓரமா நின்னு பாத்தாரா? இது எப்படி உங்களுக்கு விட்டுப்போச்சு?"

"நான் கேக்கல."

"எழுதிக் குடுங்க. எத்தனை பக்கம் வரும்?"

"ஆறு வரும்" என்றேன். அப்போதே அந்த ஆறு பக்கமும் எனக்குத் தெரிந்தது.

பெறுநர் இடம் காலியாகவே இருந்தது. "கலெக்டர்னு போடட்டுங்களா?"

"கலெக்டரு இதுக்கு இன்னா பண்ணுவாரு? நீயே வாங்கிக்க. வாங்கினேன்னு கையெழுத்துப் போட்டு ஒரு நகல் குடு."

பெறுநரிலும் என் பெயரையே எழுதினேன். தேதி போட்டுக் கையெழுத்திட்டுப் பக்கத்துக் கடையில் நகல் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஐந்து நாளுக்குப் பிறகு திடீரென்று எனக்குப் பசித்தது.

எழுந்து போவார் என்று பார்த்தால் ஆதிமூலம் எழவில்லை. பையிலிருந்து வேறு சில காகிதங்களை எடுத்தார்.

"இன்னொன்னு இருக்குது. இது நெசமாவே கலெக்டருக்கு."

சரசு தலையில் அடித்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நான் புதுத் தாளை எடுத்து மார்ஜின் மடித்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இத கதை கிதைன்னு எழுதிடாத."

"மாட்டேங்க."

"எழுதறதுன்னா கேட்டுட்டு எழுது."

இதுவரை சொன்னதற்கெல்லாம் அவரிடம் கேட்டுவிட்டேன். அந்த இரண்டாவது மனு என்ன என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.