சாயம் போன மூட்டைகள்

"இன்னும் கொஞ்சம் கலைஞ்ச மாதிரி இருந்தா நல்லாருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே, நான் மடித்துக் கட்டி வைத்திருந்த மூட்டையை அந்த டிவிக்காரப் பெண் தலைகீழாகக் கவிழ்த்தாள். அதோடு விட்டாளா? கொல்லையில் கிடந்த கால் ஒடிந்த நாற்காலியைத் தூக்கிவந்து துணிக் குவியல் மேல் சாய்த்து வைத்தாள். கேமராக்காரர் குப்புறப் படுத்து அதைப் படம் பிடித்தார். அட கூத்தே, என் வீட்டுக் குப்பை இவர்களுக்குப் போதவில்லையாம்!

நான் அறந்தாங்கியில் பதினாறு வருஷமாக ஒட்டு விரிப்பு தைக்கிறேன். தையல் கடைகளில் மிஞ்சுகிற வெட்டுத்துணி, நாலு வீட்டில் உடுத்திக் கழித்த சேலை, வேட்டி எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக நறுக்கி, ஒட்டுப்போட்டு, இரண்டு மூன்று அடுக்காக வைத்துத் தைத்தால் கட்டில் விரிப்பு. கூட அழகி இருக்கிறாள், இரண்டு வீடு தள்ளி. முன்ரூம் முழுக்கத் துணிதான். இல்லையென்று நான் சொல்லவில்லை. கதவைத் திறந்தால் சில நாள் ஒரு மூட்டை நம்மை வரவேற்க வந்து காலில் விழும்.

என் வீட்டுக்காரர் ரத்தினவேல் இருபத்திரண்டு வருஷம் மஸ்கட்டில் சலவைக் கம்பெனியில் இருந்தவர். போன சித்திரையில் ஒரேயடியாக வந்துவிட்டார். வந்தவருக்கு வேலை டிவி பார்ப்பது. அதிலும் 'பளிச் வீடு' என்றால் சோறு வேண்டாம். வாரம் ஒரு வீடு. புருஷன் குறை சொல்வான், ஜஸ்டின் என்று ஒரு தம்பி சென்னையிலிருந்து வந்து சாமானைப் பிரிக்க 'வேணும்', 'வேணாம்' என்று இரண்டு விரிப்பைப் போடுவான், அந்த வீட்டுப் பெண் எதையாவது நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுவாள். மறுநாள் கண்ணைக் கட்டிக் கூட்டிவந்து திறந்துவிடுவார்கள், மறுபடியும் அழுவாள். இரண்டு அழுகைக்கும் நடுவில் ஒரு பெயிண்ட் விளம்பரம்.

"வர்றவுக ஒக்கார ஒரு எடம் இருக்கா? இது வீடா, குடோனா?" என்று இவர் தினமும் அரற்றுவார். நான் காதில் வாங்குவதில்லை. மனுஷன் எனக்குத் தெரியாமல் ரூமை செல்போனில் படம் பிடித்து அந்த நிகழ்ச்சிக்கே அனுப்பிவிட்டார். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். அவர்களும் வருகிறோம் என்றார்கள். சரி, நாலு ரேக் அடித்துத் தருவார்கள் என்று நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

வந்த நேரம்தான் மோசம். திருமயம் பக்கம் பழைய செட்டிநாட்டு வீட்டை ஹோட்டலாக்கியிருக்கிற ஒருவர் இருபது விரிப்பு கேட்டிருந்தார். பாதிக்கு மேல் தைத்து அழகி வீட்டில் வைத்தாயிற்று; மிச்சத்தையும் முடித்து வியாழக்கிழமை கொடுக்க வேண்டும். ஐப்பசி அடைமழை, ஒரு கைக்குட்டைகூடக் காயாது. நல்லவேளையாக வேண்டிய துணியை எல்லாம் புரட்டாசி வெயிலிலேயே ஊறப்போட்டு, காயவைத்துத் தனியாகக் கட்டிவிட்டேன். தண்ணீர் பார்க்காத புதுத்துணி ஒரு பக்கம், மூன்று தண்ணீர் பார்த்தது ஒரு பக்கம், வருஷக்கணக்கில் வெளுத்துச் சாயம் போன பழந்துணி சுவரோரம். கடைசி இரண்டும்தான் ஹோட்டல் விரிப்புக்கு. இதுதான் என் கணக்கு. புதுசையும் பழசையும் சேர்த்துத் தைத்தால் முதல் சலவையிலேயே புதுசு சுருங்கும், பழசு அப்படியே நிற்கும். விரிப்பு பொரித்த அப்பளமாக உப்பிக்கொள்ளும். ஆரம்பத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு அப்படித் தைத்துக் கொடுத்துவிட்டு, ஒரு வருஷம் அந்தத் தெரு வழியாகவே நான் போகவில்லை. இந்த ஹோட்டல்காரர் விரிப்பும் அப்படிப் போனால் எனக்கும் அழகிக்கும் பிழைப்பு போச்சு.

"தம்பி, செவுத்தோரம் இருக்கிற மூட்டைய மட்டும் தொட்றாதீங்க" என்று ஜஸ்டினிடம் சொன்னேன்.

"நம்புங்கம்மா" என்று கும்பிட்டான். நம்பினேன்.

மறுநாள் சாயங்காலம்வரை வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்பது அவர்கள் சட்டம். அழகி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பகல் பூராவும் ஆணி அடிக்கிற சத்தம். "ரேக்குதான் அடிக்கிறாக அக்கா" என்று அவள் தெம்பு சொன்னாள்.

கண்ணைக் கட்டிக் கூட்டிப்போனார்கள். கட்டை அவிழ்த்ததும் முதலில் மூக்கில் ஏறியது வாசனை ஸ்ப்ரே. எனக்கு அது ஆகாது. கண்ணில் தாரை தாரையாகக் கொட்டியது. கேமரா முகத்துக்கு அருகில் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு பார்த்தேன். நடுவில் ஒரு சோபா. சுவர் நெடுக ரேக், அதில் கண்ணாடி மாதிரி டப்பாக்கள். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் பச்சை, ஒன்றில் மஞ்சள். எல்லாம் கலர் கலராக. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. என் மூன்று குவியலைத்தான் காணோம்.

"எப்படிம்மா இருக்கு?" என்றான் ஜஸ்டின்.

"ஊறப்போட்டது எது தம்பி, போடாதது எது?"

அவனுக்கு விளங்கவில்லை. "கலர் வைஸ் பிரிச்சிருக்கோம்மா. டிசைனர்ஸ் எல்லாம் இப்படித்தான் வைப்பாங்க."

"செவுத்தோரத்து மூட்டை?"

"அது சாயமே போன துணிம்மா. அதை 'வேணாம்'ல போட்டாச்சு. வண்டி கிளம்பப் போகுது."

அடி ஆத்தி! நான் ஓடின ஓட்டத்தில் ஷூட்டிங் விளக்கு ஸ்டாண்டு ஒன்று சாய்ந்தது. தெருவில் மினி லாரி உறுமிக்கொண்டு நின்றது. பின்தட்டில் ஏறி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அக்கம்பக்கத்து வாசலெல்லாம் நிறைந்துபோனது.

"செவந்தி, எறங்கு. மானம் போவுது" என்று இவர் பல்லைக் கடித்தார்.

"எறங்க மாட்டேன். போறது மானம் இல்ல, எம் பொழப்பு."

ஜஸ்டின் பின்னாலேயே வந்தான். "பழசும்மா, குப்பை..."

"குப்பையா? அழகி, ஒரு சொம்புல தண்ணியும், அந்தப் பச்சை டப்பாவுலேருந்து ஒரு துண்டும் கொண்டா."

டப்பாவிலிருந்து ஒரு பச்சைத் துண்டு, மூட்டையிலிருந்து ஒரு பச்சைத் துண்டு. இரண்டையும் உள்ளங்கையில் விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். டப்பாத் துணியில் சொட்டு உருண்டு திரண்டு அப்படியே நின்றது, கஞ்சி போகாத துணி. பழசு விழுந்த மாத்திரத்தில் குடித்துவிட்டது. "இது இனிமேதான் சுருங்கும். இது சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிச்சுருச்சு. ரெண்டையும் சேத்துத் தச்சா என்னாகும்? கலரு ஒண்ணுன்னா துணி ஒண்ணாயிருமா?" என்றேன். ஜஸ்டின் குனிந்து பார்த்தான். அவன் சட்டையிலும் ஒரு சொட்டு விட்டேன். முத்து மாதிரி நின்றது. "தம்பி, ஒங்க சட்டை இன்னும் தண்ணியே பாக்கல."

கேமராக்காரர்தான் முதலில் சிரித்தார்.

இவர் மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த பழந்துணியை வாங்கி, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் அந்தத் தேசத்து ஹோட்டல் படுக்கைத் துணியை எல்லாம் வெளுத்த விரல். அந்த விரலுக்கு என் ரூமில் இதுவரை ஒரு வேலையும் கொடுத்ததில்லை அந்த மனுஷன். டப்பாத் துணியையும் தேய்த்தார். தெரு பார்க்க, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், வண்டிய அணைங்க. மூட்டைய எறக்குங்க. அவ சொல்றதுதான் சரி. நாந்தான் தெரியாத்தனமா ஒங்கள வரச் சொல்லிப்புட்டேன்."

கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் 'அவ சொல்றதுதான் சரி' என்று இவர் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். லாரியின் உயரத்தில் எனக்கு ராஜாத்தி மாதிரி இருந்தது. பொய் சொல்வானேன், இன்னும் கொஞ்சநேரம் உட்கார்ந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

அப்புறம் நடந்ததைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். சென்னையிலிருந்து வந்த ஒன்பது பேரையும் முன்ரூமில் வட்டமாக உட்காரவைத்தேன். ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர். டப்பாக்களைக் கொட்டி, சொட்டு விட்டுப் பார்த்துப் பிரிக்கவேண்டும். நாற்காலியைத் தூக்கிவந்த அந்தப் பெண்தான் எல்லாரையும்விட வேகம். ஜஸ்டின் நாலு தடவை தப்பாகப் போட்டான். "ஏப்பா, கண்ணால பாக்காத, வெரலால பாரு" என்று இவர் அவனை அதட்டினார். மூன்று மணி நேரத்தில் மூன்று குவியலும் என் கணக்குப்படி வந்துவிட்டன.

வியாழக்கிழமை இருபது விரிப்பும் திருமயம் போய்ச் சேர்ந்தன. ஹோட்டல்காரர் இரண்டு சலவை போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றுகூட நெளியவில்லை என்று இன்னும் நாற்பது கேட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டார்கள். லாரியும் இல்லை, தண்ணீர்ச் சொம்பும் இல்லை. கண்கட்டை அவிழ்த்ததும் நான் கண்ணைத் துடைக்கிறேன், பின்னால் புல்லாங்குழல். 'செவந்தி அம்மாவின் ஆனந்தக் கண்ணீர்' என்று மேலே எழுத்து ஓடியது. அழகி சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவள் சிரிப்பில் ஊசியைத் தொலைத்தாள்.

"பொய்யி! ஸ்ப்ரேய அடிச்சு கண்ணக் கலங்க வச்சுப்புட்டு ஆனந்தக் கண்ணீராம்ல!" என்று இவர் எழுந்து குதித்தார். டிவிக்காரனைக் கூப்பிடுகிறேன் என்று செல்போனைத் துணிக்குள் தேட ஆரம்பித்தார். தேடின கை ஒரு துண்டை எடுத்து, நாக்கில் விரலை நனைத்து வைத்துப் பார்த்து, சரியான குவியலில் போட்டுவிட்டு மறுபடி தேடியது.

திரையில் அந்தச் சுத்தமான ரூமைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள். மேல்பாதி மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. கீழ்ப்பாதியை அன்று மத்தியானம் வந்து இறங்கிய மூட்டைகள் டிவிக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நின்றன.