விருந்துக்கு ஒத்திகை

எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போன வருடம் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பேருந்து நிறுத்தத்துக்கு வழி கேட்க வந்தவர். இன்னொருவர் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர். மூன்றாமவர் போதகருடைய மாமனார். அவருக்கு வேறு வழியில்லை.

நான் நூற்றிருபது பேருக்குச் சமைத்து வைத்திருந்தேன். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரி நான். தினமும் முந்நூறு பேர் என் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் தடவை தட்டை நீட்டுவார்கள். அப்படிப்பட்டவள் அன்று மதியம் முழுக்கச் சபைக் கூடத்தில் ஈ ஓட்டினேன். அது ஈயும் வராத மாதம்.

வராததற்குக் காரணம் வாசலில் தொங்கிய பலகை. எங்கள் கமிட்டிச் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அழகான கையெழுத்து, அதில் அவருக்குப் பெருமை வேறு. "தனிமையில் வாடுவோர்க்கும் இல்லாதோர்க்கும் இலவச விருந்து" என்று தெருமுனையிலிருந்தே படிக்கும்படி எழுதி மாட்டிவிட்டார். அந்தப் பலகைக்குக் கீழே நுழைந்து உள்ளே வருவதும், 'நான் வாடுகிறேன்' என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்வதும் ஒன்றுதான். எவன் வருவான்?

போதகர் நல்ல மனிதர். ஒரு பட்டியல் எழுதி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அழைத்தார். நாற்பத்தோரு பெயர்கள். போன இடமெல்லாம் டீ கொடுத்தார்கள். தங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றும், பக்கத்து வீட்டுக்காரர்தான் பாவம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். நாற்பத்தோரு பேரும் பக்கத்து வீட்டையே கைகாட்டினார்கள். போதகர் நாற்பத்தோரு டீ குடித்ததுதான் மிச்சம்.

அந்தப் பட்டியலில் பதினேழாவது பெயர் என் அண்ணனுடையது.

அண்ணன் முப்பத்தோரு வருடம் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். கண் மங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடமே அண்ணி போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அண்ணியை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்களுக்கு நான்தான் சமைத்தேன். பந்தியில் உட்கார்ந்த அண்ணன் ஒரு வாய் வைத்தார், தட்டைத் தள்ளினார், எண்பது பேருக்கு நடுவில், "உப்பில்ல" என்றார். மூன்று நாள் தூங்காத உடம்பு எனக்கு. வாய் சும்மா இருக்கவில்லை. "நாக்கு செத்துப்போனவங்களுக்கு எதுலயும் உப்பு தெரியாது" என்று சொல்லிவிட்டேன். மனைவியைப் புதைத்துவிட்டு வந்த மனிதரிடம்.

அவர் எழுந்து போனார். அதோடு சரி. இரண்டு வருடமாக என் வீட்டுப் படி ஏறவில்லை, நானும் அவர் வீட்டுப் படி ஏறவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்றே தெருதான். நீயாவது முதலில் போய்ப் பேசேன் என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, எடுக்கிற மாதிரி நான் விடவும் இல்லை.

இதில் ஒரு விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு உண்மையிலேயே உப்பில்லை. போட மறந்துவிட்டேன். எல்லோரும் போன பிறகு சட்டியில் மிஞ்சியதை வாயில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மற்றவர்கள் துக்க வீடென்று சொல்லாமல் விழுங்கியிருக்கிறார்கள்.

இந்த வருடம் முதல் கமிட்டிக் கூட்டம் முடிந்ததும் எங்கள் தெருத் தையல்காரம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவரும் கமிட்டியில் இருக்கிறார். ஊர் முழுக்க யார் இளைக்கிறார்கள், யார் பெருக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

"உங்க அண்ணன் பேன்ட்டை இந்த வருஷத்துல மூணு தடவை இடுப்புல பிடிச்சுக் கொடுத்திருக்கேன்" என்றார். "இனிமே பிடிக்கத் துணி இல்ல. ரெண்டு பாக்கெட்டும் பின்னாடி வந்து ஒண்ணோட ஒண்ணு முட்டுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்நூறு பேருக்குப் பொங்கிப் போடுகிறேன், கூடப் பிறந்தவர் ரொட்டியையும் டீயையும் வைத்து நாளை ஓட்டுகிறார். சாப்பிட வாங்க என்று கூப்பிட்டால் வர மாட்டார். தூக்குவாளியில் கொடுத்தனுப்பினால் வாளி அப்படியே திரும்பி வரும், கழுவாமல்கூட. ரோஷத்தில் எங்கள் குடும்பத்தை யாரும் மிஞ்ச முடியாது. அது எனக்கும்தான் வாய்த்திருக்கிறது, அதனால் நன்றாகத் தெரியும்.

அடுத்த கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னேன். பலகையை மாற்றுவோம். இலவசம், தனிமை, இல்லாமை எதுவும் வேண்டாம். "விருந்து வேலைக்கு ஆட்கள் தேவை" என்று மட்டும் போடுவோம். தலைமையாசிரியர் விடவில்லை. விருந்தாளியே வராத இடத்தில் வேலைக்கு ஆள் எதற்கு என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினார். ஆள் பற்றாக்குறையால்தான் போன வருடம் விருந்து சோபிக்கவில்லை என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னேன். போதகர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் செய்தாரா, காதில் விழாத மாதிரி இருந்தாரா என்று தெரியாது. பலகை மாறியது.

அண்ணனுக்குத் தையல்காரம்மா மூலம் செய்தி அனுப்பினேன். கூட்டத்தை ஒழுங்குபடுத்த விவரமான ஆள் இல்லை, எல்லோரும் கத்துக்குட்டிகள் என்று சொல்லச் சொன்னேன். அவ சமையலுக்குக் கூட்டம் வராதே, ஒழுங்குபடுத்த என்ன இருக்கு என்று கேட்டாராம். ஆனால் எத்தனை மணிக்கு என்றும் கேட்டாராம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை பத்தரைக்கு வந்துவிட்டார். பழைய ஓட்டுநர் சட்டை, தேய்த்துப் போட்டிருந்தார். இடுப்பு பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் வரிசையாக இருந்தன. என்னைப் பார்க்காமல் நேராக வாசல் கதவருகே போய் நின்று, வருகிறவர்களை இடது வலது என்று பிரித்து அனுப்ப ஆரம்பித்தார்.

பிரித்து அனுப்ப ஆட்களும் இருந்தார்கள். அதுதான் அதிசயம். பத்துப் பதினைந்து பேர் வந்தால் பெரிது என்று நினைத்தேன், அறுபத்து நான்கு பேர் வந்தார்கள். அவரவர் வீட்டுக் கரண்டியோடு சிலர். வேலை கொடுத்து மாளவில்லை. தண்ணீர் ஊற்ற எட்டுப் பேர், ஊற்றிய தண்ணீரைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர், துடைத்த மேஜையைத் துடைக்க ஐந்து பேர். உப்பு டப்பாவுக்கு மட்டும் யாரையும் போடவில்லை. அதை என் இடுப்பிலேயே செருகிக்கொண்டேன். சமையல் முடிந்ததும் மூன்று தடவை ருசி பார்த்தேன். கச்சிதம்.

தலைமையாசிரியர் பரிமாறுவோருக்குப் பன்னிரண்டு விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினார். ஏழாவது விதி, குறை சொல்லும் விருந்தாளியிடம் வாதாடக் கூடாது, 'மன்னித்துக்கொள்ளுங்கள், தவறு எங்களுடையது' என்று சொல்ல வேண்டும். கேன்டீனில் இப்படி ஒரு விதி இருந்தால் ஒரே நாளில் வேலையை விட்டிருப்பேன்.

ஒரு மணிக்குக் கதவைத் திறந்தோம். வாசலில் நின்ற அண்ணனைத் தவிர, நீளமான மேஜைக்குப் பின்னால் அறுபத்து மூன்று பேரும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்கள். எதிரே காலி நாற்காலிகள். ஒன்றேகால் ஆனது. ஒரு பூனை வந்து எட்டிப் பார்த்தது. அவ்வளவு பேர் கரண்டியோடு நிற்பதைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டது.

போதகர் என் பக்கத்தில் வந்து சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்தார். முகத்தில் ஒரு தினுசான வெளிச்சம்.

"அம்மா, லிஸ்ட்ல இருக்கிற முப்பத்தெட்டு பேர் இங்கதான் நிக்கறாங்க" என்று கிசுகிசுத்தார். "கரண்டியோட."

பிறகு தொண்டையைக் கனைத்து, நாமே உட்கார்ந்து சாப்பிடலாமே என்று எல்லோரையும் கேட்டார். சாப்பிட்டுத்தான் வந்தோம் என்று மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் சொன்னது. எங்கள் பாடகர் குழு ஒருநாளும் அப்படி ஒன்றாகச் சேர்ந்து பாடியதில்லை. அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் ஒருவருடைய வயிறு உறுமியது. பக்கத்திலிருந்தவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. அண்ணன் வாசலில் விறைப்பாக நின்றார், ஆனால் அவர் மூக்கு சட்டிகள் இருந்த பக்கமே திரும்பியிருந்தது. அப்போதுதான் எனக்கு அது தோன்றியது.

"இத்தனை பேரும் புதுசு. ஒத்திகை பார்க்காம எப்படிப் பரிமாறுவாங்க?" என்று சத்தமாகக் கேட்டேன்.

ஒத்திகை என்ற சொல் காதில் விழுந்ததும் தலைமையாசிரியருக்குப் பத்து வயது குறைந்தது. எண்ணச் சொன்னார், ஒற்றைப்படை எண்கள் விருந்தாளியாக நடிக்கட்டும், இரட்டைப்படை எண்கள் பரிமாறட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார். நடிப்பு என்றதும் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. முப்பத்திரண்டு பேர் தைரியமாக உட்கார்ந்தார்கள்.

என்னமாய் நடித்தார்கள். இரவு வேலை முடித்து நேராக வந்திருந்த நர்ஸ் பொண்ணு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவள் போலவே நடித்தாள். வாட்ச்மேன் மூன்று தட்டு நடித்தார். ஒரு கிழவர் ரொட்டியைப் பைக்குள் போட்டுக்கொள்வது போலக்கூட நடித்தார், ரொட்டி மட்டும் திரும்பி வெளியே வரவில்லை. எங்கள் சபையில் இவ்வளவு திறமை ஒளிந்திருப்பது எனக்குத் தெரியாது.

அண்ணன் மட்டும் அசையவில்லை. தான் வாசல் காவல், நடிகன் இல்லை என்றார்.

தலைமையாசிரியர் சுவரைத் தட்டினார். ஏழாவது விதியை யாருமே பழகவில்லை, அதற்குக் கஷ்டமான விருந்தாளி ஒருவர் வேண்டும், யாரால் முடியும் என்று கேட்டார். அறுபத்து மூன்று தலைகள் ஒரே சமயத்தில் என் அண்ணன் பக்கம் திரும்பின. அண்ணன் சற்று யோசித்தார். முப்பத்தோரு வருடத்தில் பார்க்காத கஷ்டமான பயணியா, இந்த வேலைக்குத் தன்னைவிட்டால் ஆள் கிடையாது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பரிமாற என்னை அனுப்பினார் தலைமையாசிரியர். அந்த அடக்கத்தன்று அவரும் பந்தியில் இருந்தவர். விவரம் தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சோறு வைத்தேன். கோழி வைத்தேன். உருளைக்கிழங்கு வைத்தேன். கிட்டத்தில் பார்த்தபோது சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. அண்ணன் ஒரு வாய் சாப்பிட்டார், மென்றார், விழுங்கினார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உப்பில்ல."

கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. அந்தக் கதை தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்று தடவை ருசி பார்த்த சமையல். அதே பழைய வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எதிர்ச்சுவரில் தலைமையாசிரியரின் அழகான கையெழுத்து தெரிந்தது. ஏழாவது விதி.

"மன்னிச்சுக்கங்க" என்றேன். "தப்பு என்னுதுதான். அன்னிக்கு உப்பு போட மறந்துட்டேன். அண்ணி போன துக்கத்துல கையும் ஓடல, காலும் ஓடல. நீங்க சொன்னது சரிதான். நான்தான் சொல்லக் கூடாததைச் சொல்லிட்டேன்."

'அன்னிக்கு' என்பதெல்லாம் விதியில் இல்லை என்று பின்னாலிருந்து தலைமையாசிரியர் திருத்தினார். தையல்காரம்மா அவர் காலை மிதித்தார்.

அண்ணன் தட்டை என் பக்கம் நகர்த்தி, "சரி, போடு" என்றார்.

இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்தேன். ஒரு சிட்டிகை போடத்தான் நினைத்தேன், டப்பா கவிழ்ந்து பாதி கொட்டிவிட்டது. அண்ணன் பிசைந்து ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். முகம் மாறவில்லை. நாலு டம்ளர் தண்ணீர் குடித்தார். இப்போது சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இன்னொரு தட்டு கேட்டார், இந்த முறை டப்பாவைக் கையால் மூடிக்கொண்டு.

ஆட்களை மாற்றியபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. கஷ்டமான விருந்தாளி எல்லாப் பந்தியிலும் உண்டு என்று தலைமையாசிரியருக்கு விளக்கினார்.

மூன்று மணிக்குச் சட்டிகள் காலி. உண்மையான விருந்தாளி ஒருவரும் வரவில்லை, அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. அடுத்த வருடமும் வேலைக்கு ஆள் தேவைப்படுமா என்றுதான் போகும்போது கேட்டார்கள். போதகர் பட்டியலின் தலைப்பை அடித்துவிட்டு 'பணியாளர்கள்' என்று எழுதிக்கொண்டார்.

கடைசியாக அண்ணன் கிளம்பினார். வாசலில் நின்று பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தினார். தெருவைப் பார்த்தபடியே கேட்டார்.

"நாளைக்கும் ஒத்திகை இருக்கா, பாப்பா?"

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. என்னைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருப்பது ஒரே ஆள். இரண்டு வருடமாக யாரும் கூப்பிடவில்லை.

"இருக்கு" என்றேன். "எங்க வீட்ல. ஒரு மணிக்கு."

"கஷ்டமான விருந்தாளியா வரணுமா, சும்மா வரணுமா?"

"உங்க இஷ்டம். உப்பு டப்பாவை உங்க பக்கத்துலயே வச்சிடறேன்."

தலையை ஆட்டிவிட்டு நடந்தார். நான் உள்ளே போய்க் கழுவி வைத்த சட்டியையே மறுபடி கழுவினேன், அழுவதை யாரும் பார்க்கக் கூடாதென்று.

மறுநாள் பன்னிரண்டேகாலுக்கே கதவு தட்டும் சத்தம் கேட்டது. சட்டி இன்னும் அடுப்பில்தான் இருந்தது. உப்புகூடப் போடவில்லை.